தெரியாமல் நேர்ந்தது யாருடைய பிழை?

“தெரியாமல் நடந்துவிட்டது.” இல்லறத்தில் நாம் அடிக்கடி சொல்லவும் கேட்கவும் நேர்கின்ற சொற்களுள் இதுவும் ஒன்று. சொல்பவர் இதனைச் சொன்ன அளவிலேயே வழக்கு முடிந்துவிட்டதாகக் கருதுகிறார். கேட்பவரோ, இழப்பு தம்முடையதாயின், இச்சொல்லைக் கேட்டு மேலும் சினம் கொள்கிறார். வேண்டுமென்று செய்யாத தீங்கிற்கு ஒருவர் எந்த அளவிற்குப் பொறுப்பாவார் என்பது அறநூலோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த வினா. அதனைப் போர், கொலை போன்ற பெரு நிகழ்ச்சிகளை வைத்து ஆராய்வதினும், நம் வீடுகளில் நேரும் ஒரு சிறு நிகழ்ச்சியை வைத்து ஆராய்வது நமக்குப் பயன்படும் என எண்ணுகிறோம்.

வீட்டில் சீரமைப்பு வேலை நடக்கிறது. கூடத்தில் புதிய அலமாரி ஒன்றைச் சுவரில் மாட்ட வேண்டும். வீட்டுக்காரர் இடத்தைக் காட்டுகிறார். வந்த தொழிலாளி துளைபோடும் இயந்திரத்தை அவ்விடத்தில் வைத்து அழுத்துகிறார். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டுகிறது. பிறகு ஈரமாகக் கொட்டுகிறது. பிறகு நீர் பீறிட்டு வருகிறது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் இருந்திருக்கிறது. “எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார் தொழிலாளி. “பார்த்துச் செய்ய வேண்டாமா?” என்கிறார் வீட்டுக்காரர். தரையில் நீர் பரவிக்கொண்டிருக்கும்போதே குற்றத்தை யார் மேல் ஏற்றுவது என்னும் வாதம் தொடங்கிவிடுகிறது.

இங்கே எவரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் தீங்கு நேர்ந்துவிட்டது. இதற்கு அறம் என்ன விடை கூறுகிறது?

மறைந்திருப்பதும் அறிய முடியாததும்

முதலில் நிகழ்ச்சியின் இயல்பை நோக்குவோம். பழைய வீடுகளில் குழாய்கள் பெரும்பாலும் சுவரின் மேல் வெளிப்படையாகவே ஓடின. எங்கே ஆணி அடிக்கலாகாது என்பது குழந்தைக்கும் தெரியும். பிற்காலத்தில் அழகு கருதிக் குழாய்களைச் சுவருக்குள் புதைக்கும் வழக்கம் வந்தது. சுவரில் காடி வெட்டி, குழாயை அதில் வைத்து, சிமெண்டு பூசி, வண்ணம் அடித்துவிட்டால் அதன் தடமே தெரிவதில்லை. குளியலறைக்கும் கூடத்திற்கும் நடுவில் பல வீடுகளில் இருப்பது நாலரை அங்குலச் சுவர். குளியலறைப் பக்கத்திலிருந்து ஒன்றரை அங்குல ஆழத்திற்குக் காடி வெட்டியிருந்தால், பூச்சையும் சேர்த்துக் கூடத்தின் பக்கம் மீந்திருப்பது மூன்று, மூன்றரை அங்குலமே. கனமான அலமாரியைத் தாங்கும் திருகாணிக்கு அவ்வளவு ஆழம் துளைப்பதும் உண்டு. கூடத்தில் குழாயும் இல்லை, ஈரமும் இல்லை. ஆனால் சுவரின் மறுபுறத்தில் குளியலறை இருக்கிறது.

ஆகவே குழாய் மறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் மறைந்திருப்பது வேறு. அறிய முடியாதது வேறு. மறுபுறத்து அறையில் நுழைந்து பார்த்தால் நீர்த்திருகு எங்கே இருக்கிறது, கீசர் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். குழாய் வேலை செய்வோர் பெரும்பாலும் நீர்த்திருகுக்கு நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, அல்லது அதே மட்டத்தில் கிடையாகவோதான் குழாயைக் கொண்டு செல்வர். மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து குழாய் எந்த இடத்தில் சுவருக்குள் இறங்குகிறது என்று பார்க்கலாம். வீடு கட்டியபோது வேலை செய்த பிளம்பரைக் கேட்கலாம். அவர் இல்லையெனில் வீட்டில் நெடுநாள் வாழ்ந்த பெரியவரைக் கேட்கலாம். இவற்றிற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாமல் “எனக்குத் தெரியாது” என்று சொல்லும்போது, அந்தத் தெரியாமை நமக்கு வாய்த்ததா, நாமே வைத்துக்கொண்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இம்சையின் இலக்கணம்

நம் அறநூல்கள் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிருக்கு ஊறு நேர்தலை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அதற்குக் காரணமாக அமைதலையும் சேர்த்தே கூறுகின்றன. குந்தகுந்த ஆசாரியாரின் பிரவசனசாரம் இதனை ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக்குகிறது. விழிப்போடு நடப்பவனிடத்து எதிர்பாராமல் ஊறு நேர்ந்தால், அவ்வூறு ஒன்றினாலேயே வினைக்கட்டு உண்டாவதில்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கோ, எவ்வுயிரும் துன்புறாவிடினும் இம்சை உண்டு என்பது அதன் கருத்து.

இக்கருத்தின் பிற்பகுதியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இருவர் இரு வீடுகளில் ஒரே விதமாக, எதையும் விசாரியாமல், சுவரைத் துளைக்கின்றனர். ஒருவருடைய துளை குழாயில் படுகிறது. மற்றவருடையது ஓர் அங்குலம் தள்ளிச் செல்கிறது. முதலாமவரை உலகம் கவனமற்றவர் என்று ஏசுகிறது. இரண்டாமவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புகிறது. இருவருடைய செயலிலும் வேறுபாடு யாது? ஓர் அங்குலமே, அந்த அங்குலமும் இரண்டாமவர் அறிந்து விட்டதன்று.

மேனாட்டுத் தத்துவ உலகில் இவ்வினா 1976-ஆம் ஆண்டில் புதிய வேகம் பெற்றது. பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் ஒழுக்கத்தைப் பற்றிய நம் தீர்ப்புகளில் தற்செயலுக்கு உள்ள பங்கை ஆராய்ந்து அவ்வாண்டில் கட்டுரைகள் அளித்தனர். நம் வசத்தில் இல்லாத விளைவை வைத்து ஒருவரைப் புகழ்வதும் இகழ்வதும் முறையாகுமா என்பதே அவர்களை வருத்திய சிக்கல். சமண அறம் இச்சிக்கலின் வேரையே நோக்குகிறது. விளைவு எதுவாயினும், கட்டு உண்டாவது மனத்தின் நிலையால். ஆதலின் குழாயைத் துளைத்தவர் வெட்கப்பட வேண்டுமெனில், துளைக்காமல் தப்பியவரும் அதே அளவு வெட்கப்பட வேண்டும். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது நேற்று நாம் கவனமாக இருந்தோம் என்பதற்குச் சான்றாகாது.

நாட்டின் சட்டமும் இவ்வெல்லையை ஏறத்தாழ இவ்விடத்திலேயே வகுத்துள்ளது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 80-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 18-ஆம் பிரிவாக அமைந்துள்ள விதி, தற்செயலாக நேர்ந்த தீங்கைக் குற்றமன்று என விலக்குகிறது. ஆயின் செய்த செயல் முறையானதாகவும், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை அதற்கு விதிக்கிறது. கவனம் இருந்த இடத்தில்தான் தற்செயல் என்னும் சொல்லுக்கு இடம் உண்டு.

இல்லறத்தானுக்கு எவ்வளவு கவனம்?

இங்கே ஒரு தடை எழலாம். இவ்வளவு கவனம் துறவிகளுக்கே இயலும். இல்லறத்தான் ஒவ்வோர் ஆணிக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் வீடு கட்டவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது என்று சிலர் கூறுவர். இத்தடை பொருளற்றதன்று. நம் முன்னோர் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து, இல்லறத்தான் சங்கற்ப இம்சையை அறவே விலக்க வேண்டும் என்று மட்டும் விதித்தமைக்குக் காரணம் இதுவே. சமைத்தல், பெருக்குதல், வீட்டைப் பழுது பார்த்தல் முதலியன ஆரம்பத்தின்பாற்படும். அவை தவிர்க்க இயலாதவை.

ஆனால் தவிர்க்க இயலாது என்பதனால் கவனம் வேண்டா என்பது பெறப்படாது. யத்னாசாரம், அதாவது முயற்சியோடு கூடிய கவனம், இல்லறத்தானுக்கும் உரியதே. துறவியருக்குரிய ஐந்து சமிதிகளில் ஒன்று, பொருள்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கொள்ள வேண்டிய கவனம் பற்றியது. முனிவர் கமண்டலத்தை வைக்குமுன் மயிற்பீலியால் அவ்விடத்தைத் துடைத்து நோக்குகிறார். நாம் பீலி ஏந்த வேண்டுவதில்லை. ஒரு கருவியை ஓரிடத்தில் வைக்குமுன் அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்று நோக்கும் பழக்கத்தை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கவனத்திற்கும் அளவு உண்டு. நாட்காட்டி மாட்ட அரை அங்குல ஆணி அடிப்பவர் பிளம்பரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மூன்று அங்குலம் துளைப்பவர் சுவரின் மறுபுறத்தைப் பார்க்க வேண்டும். குளியலறைத் தளத்தை உளிகொண்டு பெயர்ப்பவர் முதலில் நீரை அடைக்க வேண்டும். தீங்கு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடுமோ அவ்வளவு முன்விசாரணை தேவை. அதே சுவருக்குள் மின்கம்பியும் ஓடக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது. அங்கே தவறினால் போவது நீர் மட்டுமன்று. வேலை செய்ய வந்தவரின் உயிரும் போகலாம்.

விசாரிக்க வேண்டியவற்றையெல்லாம் விசாரித்த பின்பும் குழாய் துளைபடக்கூடும். யாரோ ஒருவர் முன்னொரு நாளில் சிக்கனம் கருதிக் குழாயைக் குறுக்கே கோணலாகக் கொண்டு சென்றிருப்பார். அதை எவரும் ஊகித்திருக்க முடியாது. அங்கே குற்றம் இல்லை. ஆயினும் இழப்பு இருக்கிறது. குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்கும் என்பதை நாம் மறுக்கலாகாது. நம் கை பட்டு ஒழுகும் நீரை நிறுத்துவதும், நனைந்த பொருளை எடுத்து வைப்பதும், குற்றம் யாருடையது என்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டிய செயல்கள் அல்ல.

கூலியைப் பிடித்தல்

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். இழப்பை யார் ஏற்பது? நடைமுறையில் நாம் காண்பது யாதெனில், இயந்திரத்தைக் கையில் பிடித்திருந்தவரே குற்றவாளி ஆக்கப்படுகிறார். அன்றைய கூலி நிறுத்தப்படுகிறது. சில இடங்களில் பழுது பார்க்கும் செலவும் அவர் தலையில் ஏற்றப்படுகிறது. நாட்கூலியை நம்பி அடுப்பு எரியும் வீட்டிற்கு அவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

ஒரு பொருளைப் பல நோக்கில் காண வேண்டும் என்னும் அநேகாந்த நெறி வாதமேடைக்கு மட்டும் உரியதன்று. இத்தகைய இடத்திலேயே அதற்கு வேலை. துளைத்தவர் தொழிலாளி, அவர் கேட்டிருக்க வேண்டும். இடத்தைக் காட்டியவர் வீட்டுக்காரர்; அந்த வீட்டில் வாழ்பவர் அவரே, சுவருக்கு மறுபுறம் குளியலறை என்பதை நன்கு அறிந்தவரும் அவரே. குழாயைப் புதைத்தவர் எந்தக் குறிப்பையும் விட்டுச் செல்லவில்லை. வேலையை ஏற்றுக்கொண்ட மேஸ்திரி நேரத்தைக் குறைக்க விரட்டியிருக்கலாம். நால்வரும் சேர்ந்து இட்ட துளை அது. நால்வரில் வறியவரும் எதிர்த்துப் பேச இயலாதவரும் எவரோ அவர் மீது முழுச் சுமையையும் வைப்பது எளிது. எளிது என்பதனால் அது நீதியாகிவிடாது.

1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் ஆலைகள் முதலியவற்றில் வேலை செய்வோருக்காக இயற்றப்பட்டது. பொருள் இழப்புக்காக ஊதியத்தில் பிடித்தம் செய்ய வேண்டுமாயின், அவ்விழப்பு அத்தொழிலாளியின் கவனக்குறைவினால் நேரடியாக விளைந்திருக்க வேண்டும் என்றும், அவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்றும் அது வரையறுத்தது. வீட்டு வேலைக்கு வருகின்ற ஒருவரைக் காக்க அச்சட்டம் வந்து நிற்காது. சட்டம் வராத இடத்தில் நிற்க வேண்டியது நம் விரதம். கள்ளாமை என்னும் அணுவிரதத்தை ஏற்றவர், காலை முதல் உழைத்த ஒருவரின் கூலியை, அவர் பேச்சைக் கேளாமலே நிறுத்திக்கொள்வது அவ்விரதத்திற்கு இசையுமா என்று தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும். செய்த வேலைக்குரிய கூலி வேறு. நேர்ந்த இழப்பின் பங்கீடு வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதைப் பேசுவதே முறை.

பூசி மறைத்தல்

தீங்கு நேர்ந்த கணத்தில் செய்ய வேண்டியவை சில. மாடித் தொட்டியின் வால்வை மூட வேண்டும். மோட்டார் ஓடினால் நிறுத்த வேண்டும். நீர் மின்பெட்டியை நெருங்குமாயின், நனையாத இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், 6 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 லிட்டருக்குக் குறையாமல் வெளியேறக்கூடும். அக்கணக்கில் 1000 லிட்டர்த் தொட்டி இரண்டு மணி நேரமளவில் வறண்டுவிடும். 2019 ஜூலையில் சென்னை மக்களுக்காக ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நீரையே உயிருடையதாகக் கருதி, வடிகட்டி அளவோடு பயன்படுத்தும் மரபில் வந்த நாம், வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வீட்டில் வாழ்வது பொருந்தாது.

ஆனால் பீறிட்டு வரும் நீரைவிடத் தீயது கசியும் நீர். இயந்திரத்தின் முனை குழாயைக் கீறியது, நீர் பீறிடவில்லை, சற்றே ஈரம் தட்டியது. அருகில் எவரும் இல்லை. சிறிது சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டால் எவருக்கும் தெரியாது. இந்த இடத்தில்தான் அறத்தின் உண்மையான சோதனை நடைபெறுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில், நாள் ஒன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிறது. செங்கல் அதனைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் சுவரில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், வண்ணம் கொப்புளிக்கும். அடுக்குமாடி வீடாயின் கீழ்வீட்டாரின் கூரையில் கறை படரும். காரணம் தெரியாமல் அவர்கள் திகைப்பர். தெரிந்தவரோ வாய் திறவார்.

துளைத்தது தற்செயல் எனலாம். பூசியது தற்செயல் அன்று. துளைத்தபோது அவர் அறியார், பூசியபோது அறிந்திருந்தார். அறியாமல் செய்த பிழையை அறிந்து செய்த குற்றமாக ஆக்கியது அந்த ஒரு கரண்டிச் சிமெண்டே. நம் முன்னோர் வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதனைத் தடுத்தலைச் செறிப்பு என்றும் தமிழில் பெயரிட்டனர். ஊற்றின் வாயை அடைத்தலே செறிப்பு. ஊற்றை விட்டுவிட்டு அதன் மேல் பூச்சுப் பூசுதல் செறிப்பாகாது. நேர்ந்த பிழையை ஆசிரியரிடம் ஒளியாமல் உரைக்கும் ஆலோசனையைப் பிராயச்சித்தங்களுள் முதலாவதாக வைத்த காரணமும் இதுவே. சொல்லாத பிழைக்குக் கழுவாய் தொடங்குவதே இல்லை.

உண்மையைச் சொல்லுமாறு தொழிலாளிக்கு அறிவுரை கூறுவது எளிது. சொன்னால் கூலி போகும், வசை வரும் என்று அஞ்சும் ஒருவர் பூசி மறைப்பதில் வியப்பில்லை. மறைக்கத் தூண்டும் அச்சத்தை விதைத்தவர்களுக்கும் அம்மறைப்பில் பங்கு உண்டு. “தவறு நேர்ந்தால் உடனே சொல்லுங்கள், அதற்காகக் கூலியைப் பிடிக்க மாட்டோம்” என்று வேலை தொடங்குமுன் சொல்லும் வீட்டில், சுவருக்குள் நீர் கசிந்துகொண்டிருப்பது அரிது. பொறுமை என்பது தீங்கு நேர்ந்த பின் காட்டும் பெருந்தன்மை மட்டுமன்று; பிறர் உண்மை பேசுவதற்கு முன்கூட்டியே அமைத்துக் கொடுக்கும் இடமும் ஆகும்.

பின்வருவோர்க்கு

அறிந்தவர் அறிவிக்காமையும் ஒரு பிழை என்றோம். தரைக்கடியில் புதைந்த கம்பிகளும் குழாய்களும் அகழ்வோரால் அறுபடுவதைத் தடுக்க, தோண்டுமுன் விசாரிப்பதற்கென்றே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் கைப்பேசிச் செயலியை இந்திய அரசு 2023 மார்ச் 22 அன்று தொடங்கியது. தோண்டுபவர் கேட்கவும், புதைத்தவர் விடை சொல்லவும் வகை செய்வதே அதன் பணி. ஒரு நாட்டின் தெருக்களுக்கு வேண்டியது ஒரு வீட்டின் சுவர்களுக்கும் வேண்டும். கேட்பவர் கடமை ஒரு பாதி. சொல்பவர் கடமை மறுபாதி.

ஆதலின் வீடு கட்டுவோரும் சீரமைப்போரும், காடியில் குழாய் வைத்துப் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்று அளந்து ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். வீட்டை விற்றால் அத்தாளையும் உடன் கொடுக்க வேண்டும். வாடகைக்கு விட்டால் வால்வு இருக்குமிடத்தையாவது காட்ட வேண்டும். இதற்குச் செலவாவது ஒரு தாளே. இதனால் காக்கப்படுபவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் அச்சுவரின் முன் இயந்திரத்தோடு நிற்கப்போகின்ற, நாம் பெயரறியாத ஒருவர். அவர் துளைக்குமுன் திரும்பி, “ஐயா, இந்தச் சுவரில் குழாய் ஏதும் போகிறதா?” என்று கேட்கும்போது, வீட்டிலிருப்பவர் அத்தாளை எடுத்துக் காட்டி விடை சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.